டிரம்மர் இல்லாத வீட்டில் டிரம்ஸ்

(மேகமலை அடிவாரத்தில், சின்னமனூரில், வீட்டிலேயே இசை பதிவு செய்யும் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேளச் சத்தத்துக்குப் பஞ்சமில்லாத ஊரில் டிரம்ஸைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா வந்துவிட்டால் உருமியும் பறையும் ராத்திரி பகல் பார்ப்பதில்லை. அந்தப் பக்கம் போனால் பண்ணைப்புரம், இளையராஜா பிறந்த ஊர். இப்படிப்பட்ட பள்ளத்தாக்கில் மெட்டல் போட நினைக்கிற ஒரு தம்பி முதலில் முட்டிக்கொண்டு நிற்பது, வேடிக்கை என்னவென்றால், தாளத்தில்தான்.

கிட்டாரில் சிக்கல் இல்லை. ஒரு கிட்டார், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், கணினியில் ஒரு ஆம்ப் மென்பொருள், காதில் ஹெட்போன். நள்ளிரவில் எவ்வளவு டிஸ்டார்ஷன் வைத்து வாசித்தாலும் பக்கத்தில் படுத்திருப்பவருக்குக் கம்பியின் 'டிக் டிக்' மட்டும்தான் கேட்கும். டிரம்ஸில் அந்த வசதி கிடையாது. ஸ்நேரை ஓங்கி ஓர் அடி அடித்தால் சத்தம் நூறு டெசிபலைத் தாண்டும். மேலே ஹைவேவிஸ் எஸ்டேட் லயன் வீடுகளை நினைத்துப் பாருங்கள். ஒரே சுவர், அந்தப் பக்கம் ஒரு குடும்பம், இந்தப் பக்கம் ஒரு குடும்பம். அங்கே டபுள் பெடலை மிதித்தால் மறுநாள் பஞ்சாயத்துதான். சத்தத்தைப் பொறுத்துக்கொண்டாலும் செலவு விடாது. ஒரு டிரம் செட்டை ஒழுங்காகப் பதிய எட்டு மைக்காவது வேண்டும், அந்த எட்டையும் ஒரே நேரத்தில் வாங்கிக்கொள்ளும் இன்டர்ஃபேஸ் வேண்டும், எதிரொலி அடங்கிய அறை வேண்டும். எல்லாம் இருந்தாலும், நிமிடத்துக்கு 200 பீட் வேகத்தில் இரண்டு காலையும் ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும்.

ஆகவே டிரம் சாம்பிள் மென்பொருள், அதாவது முன்னமே பதிந்து வைத்த டிரம் ஒலிகளைக் கணினியில் ஒலிக்கவைக்கும் மென்பொருள். "அண்ணே, எதை வாங்கலாம்?" என்று கேட்பீர்கள். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எத்தனை ஜிபி என்று பார்த்து வாங்காதீர்கள். மிக்ஸிங்கில் உங்கள் கை எவ்வளவு பழகியிருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். ஏன் என்பதுதான் இன்றைய பேச்சு.

அதற்கு முன் ஒரு கூச்சத்தை இறக்கி வைத்துவிடுவோம். "இது கள்ள டிரம்ஸ் இல்லையா? ஆள் வாசிக்காததை ஆள் வாசித்ததுபோலக் காட்டலாமா?" என்று சிலருக்கு மனசுக்குள் உறுத்தல் இருக்கும்.

1980இல் அமெரிக்காவில் ரோஜர் லின் என்பவர் எல்எம்-1 என்ற கருவியைக் கொண்டுவந்தார். உண்மையான டிரம்ஸ் ஒலியைப் பதிந்து, பட்டனைத் தட்டினால் ஒலிக்கும்படி விற்பனைக்கு வந்த முதல் டிரம் மெஷின் அது. அதில் கிக், ஸ்நேர், டாம் எல்லாம் உண்டு. கிராஷ் சிம்பல் கிடையாது. கிராஷ் பல வினாடிகள் நீண்டு ஒலிக்கும், அவ்வளவு நீளத்தைப் பதிந்து வைக்க அன்று மெமரி விலை கட்டுப்படியாகவில்லை. சிம்பல்தான் கடினம் என்பது அன்று தொடங்கிய கதை. இன்றும் முடியவில்லை, பிறகு வருகிறேன்.

நம் ஊர்க்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1986இல் வந்த 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா சீக்வென்சர் வைத்து இசை கோத்தார். இந்தியத் திரையிசையில் அந்த முறையின் தொடக்கங்களில் அது ஒன்று. நூறு பேர் வாசிக்கும் ஆர்க்கெஸ்ட்ராவைக் கையில் வைத்திருந்தவர் மெஷினைத் தொட்டார் என்றால், ஆள் கிடைக்காமல் தொடவில்லை. அந்த ஒலி அவருக்குத் தேவைப்பட்டது.

மெட்டலுக்கு வருவோம். இங்கிலாந்தின் காட்ஃபிளெஷ் குழு 1989இல் வெளியிட்ட 'ஸ்ட்ரீட்கிளீனர்' ஆல்பத்தில் டிரம்மரே இல்லை, அலெசிஸ் எச்ஆர்-16 என்ற மெஷின்தான். மெஷின் மெஷினாகவே கேட்கட்டும் என்று விட்டார்கள், அந்த இரக்கமற்ற சீர்மைதான் ஆல்பத்தின் குணமே. இன்னொரு வழி சுவீடனின் மெஷுகா. அவர்களுடைய டிரம்மர் தோமஸ் ஹாக்கே வாசித்துப் பதிந்த ஒலிகளைக் கொண்டுதான் டூன்டிராக் நிறுவனத்தின் 'டிரம்கிட் ஃப்ரம் ஹெல்' உருவானது. 2005இல் வந்த 'கேட்ச் தர்ட்டித்ரீ' ஆல்பத்துக்கு அதே ஒலிகளை வைத்துக் கணினியில் டிரம்ஸ் எழுதினார்கள். உலகத்தின் மிகச் சிறந்த மெட்டல் டிரம்மர்களில் ஒருவர் குழுவிலேயே உட்கார்ந்திருக்க, அவருடைய சாம்பிள்! 2008இல் 'ஆப்ஸென்' ஆல்பத்துக்கு மீண்டும் அவரே நேரடியாக வாசித்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஒன்று உண்மை, மற்றது பொய் என்று தோன்றாது. இரண்டு வேறு முடிவுகள் என்றே தோன்றும்.

போதாததற்கு, ஆள் வாசித்துப் பதிந்த மெட்டல் ஆல்பங்களிலும் கிக், ஸ்நேர் ஒலிகளுக்கு மேல் சாம்பிளை ஏற்றிக் கலப்பது ஸ்டூடியோக்களில் அன்றாட வழக்கம். நீங்கள் 'உண்மையான டிரம்ஸ்' என்று கேட்டு வியந்ததில் பாதி சாம்பிளாக இருக்கலாம். கூச்சம் போதும்.

இப்போது மென்பொருளின் வயிற்றுக்குள் பார்ப்போம். ஒரே ஒரு ஸ்நேரை எடுத்துக்கொள்வோம். ஸ்டூடியோவில் ஒரு டிரம்மரை உட்காரவைத்து, குச்சி தோலைத் தொடுகிற மெல்லிய அடியிலிருந்து முழு வேகத்தில் விழும் அடி வரை படிப்படியாக அடிக்கச் சொல்வார்கள். ஒவ்வொரு படியையும் தனித்தனியாகப் பதிவார்கள். மிடியில், அதாவது கணினிக்கு இசையைக் குறிப்புகளாக எழுதிக் கொடுக்கும் முறையில், அடியின் வேகத்தை 1 முதல் 127 வரை எண்ணால் குறிப்போம், அதற்கு வெலாசிட்டி என்று பெயர். நீங்கள் 40 என்று எழுதினால் மெல்லிய பதிவு ஒலிக்கும், 120 என்று எழுதினால் ஓங்கிய பதிவு. அத்தோடு விடுவதில்லை. ஒரே வேகத்தில் பலமுறை அடித்து அவற்றையும் பதிவார்கள். எந்த மனிதனும் ஒரே மாதிரி இரண்டு அடி அடிப்பதில்லை. ஒரே பதிவு திரும்பத் திரும்ப ஒலித்தால் காது உடனே கண்டுபிடித்துவிடும், இயந்திரத் துப்பாக்கி சுடுவதுபோல இருக்கும். அதைத் தவிர்க்க மென்பொருள் பதிவுகளை மாற்றி மாற்றி எடுக்கும். இதை ரவுண்ட் ராபின் என்பார்கள்.

ஒவ்வொரு அடியையும் ஒரு மைக் மட்டும் கேட்கவில்லை. ஸ்நேருக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, தலைக்கு மேல் இரண்டு, அறையின் மூலையில் சில. டாமுக்கு வைத்த மைக்கிலும் ஸ்நேர் கொஞ்சம் கசியும். அந்தக் கசிவையும் சேர்த்தே பதிகிறார்கள், அது இல்லாவிட்டால் டிரம்ஸ் தனித்தனித் துண்டாகக் கேட்கும், ஒரே அறையில் ஓர் ஆள் உட்கார்ந்து வாசித்ததாகக் கேட்காது. இப்போது பெருக்கிப் பாருங்கள்: இத்தனை வேகம், ஒவ்வொன்றிலும் இத்தனை பதிவு, ஒவ்வொன்றுக்கும் இத்தனை மைக், இத்தனை டிரம். ஜிபி எங்கிருந்து வருகிறது என்று புரிகிறதா? டூன்டிராக்கின் 'சுப்பீரியர் டிரம்மர் 3' 2017இல் வந்தது. பெல்ஜியத்தின் கேலக்ஸி ஸ்டூடியோவில் ஜார்ஜ் மாஸன்பர்க் பதிந்தது. மொத்தம் சுமார் 230 ஜிபி.

இந்த 230 ஜிபியில் மெட்டலுக்கு எவ்வளவு தேவை? ஒரு சின்னக் கணக்கு போடுவோம். நிமிடத்துக்கு 200 பீட் வேகம், ஒரு பீட்டுக்கு நான்கு கிக். அப்படியென்றால் இரண்டு கிக்குக்கு நடுவே 75 மில்லி வினாடிதான். கிக்கின் அடிநாதம் 50 ஹெர்ட்ஸ் பக்கம் இருந்தால் அதன் ஓர் அலை முடியவே 20 மில்லி வினாடி ஆகும். ஆக, நான்கு அலைகூட முழுதாக அடிக்க நேரமில்லை, அதற்குள் அடுத்த அடி வந்து விழுகிறது. ஜாஸ் கிக்போல 'டூம்ம்' என்று நீண்டு ஒலிக்கும் கிக்கை இங்கே வைத்தால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கீழே ஒரே இரைச்சலாகிவிடும். போதாக்குறைக்கு ஏழு கம்பி கிட்டாரின் அடிக்கம்பி 62 ஹெர்ட்ஸ் அருகே, அதே இடத்தில் வந்து நிற்கிறது. அதனால்தான் மெட்டல் கிக்கில் அடிநாதத்தைக் குறுக்கி, மேலே இரண்டாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் ஒரு 'டக்' சத்தத்தைத் தூக்கி வைக்கிறார்கள். அந்த 'டக்' இருந்தால்தான் வினாடிக்குப் பதின்மூன்று அடியையும் காது எண்ண முடியும். மெட்டல் கிக் தட்டச்சு இயந்திரம் மாதிரி இருக்கிறதென்று கேலி செய்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

இனி தேர்வு. சந்தையில் இருப்பதை இரண்டாகப் பிரிக்கலாம். அரிசி வாங்கி ஊறவைத்து ஆட்டுவதா, ஆட்டின மாவையே வாங்குவதா என்பதுதான் கேள்வி.

அரிசி என்றால் சுப்பீரியர் டிரம்மர் வகை. ஒவ்வொரு மைக்கும் தனியாக, பெரும்பாலும் பதிந்தபடியே கிடைக்கும். ஈக்யூ, கம்ப்ரெஷன், எல்லாம் உங்கள் பொறுப்பு. தெரிந்தவர் கையில் என்ன வேண்டுமானாலும் ஆகும். தெரியாதவர் கையில் அட்டைப்பெட்டியைத் தட்டியது மாதிரி ஒலிக்கும். அவர் மென்பொருளைத் திட்டுவார். விலை 400 டாலர் அருகே.

மாவு என்றால் மெட்டலுக்கென்று முன்னமே பதப்படுத்திய ஒலிகள். பெரிஃபெரி குழுவிலிருந்த ஆடம் கெட்குட், அதே குழுவின் டிரம்மர் மாட் ஹால்பர்ன் ஆகியோரின் 'கெட்குட் டிரம்ஸ்' அந்த வகை. 'ஸ்டீவன் ஸ்லேட் டிரம்ஸ்' அந்த வகை. திறந்து ஒரு கிட்டார் ரிஃப்பின் கீழே போட்டால் அப்போதே ஆல்பம்போல இருக்கும். குறை என்னவென்றால், உங்கள் பாட்டும் பக்கத்து ஊர்த் தம்பியின் பாட்டும் ஒரே ஸ்நேரில் ஒலிக்கும்.

நடுவிலும் சில உண்டு. டூன்டிராக்கின் 'ஈஸிடிரம்மர் 3', 2022இல் வந்தது. பெர்லினின் ஹன்சா ஸ்டூடியோவில் பதிந்தது, அளவு சுப்பீரியரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. உங்கள் கிட்டார் பதிவை அதற்குள் போட்டால் பொருந்தும் தாளங்களை அதுவே எடுத்துக் காட்டும். விலை 200 டாலருக்குள். எக்ஸ்எல்என் ஆடியோவின் 'அடிக்டிவ் டிரம்ஸ் 2'வும் இந்த நடுப்பாதைதான்.

காசே இல்லை என்றாலும் வழி உண்டு. ஸ்டீவன் ஸ்லேட் டிரம்ஸுக்கு இலவசப் பதிப்பு இருக்கிறது. 'எம்டி பவர் டிரம் கிட் 2' இலவசம். 'டிரம்கிஸ்மோ' முழுக்கத் திறந்த மூல மென்பொருள், லினக்ஸிலும் ஓடும், மெட்டலுக்கென்றே பதிந்த ஒரு செட்டும் அதற்கு உண்டு. திருட்டுப் பதிப்பு வேண்டாம். நியாயம் ஒருபுறம் இருக்கட்டும், கணினிக்குள் என்ன ஏறி உட்காரும் என்று தெரியாது. பாதிப் பாட்டில் நின்றுபோனால் கேட்க நாதியிருக்காது.

நம் ஊர் நிலவரத்தையும் கணக்கில் சேருங்கள். 20 எம்பிபிஎஸ் நெட் விடாமல் வந்தால் 230 ஜிபி இறங்க ஒரு நாளுக்கு மேல் ஆகும். மேகமலையில் சிக்னல் எப்படி என்று உங்களுக்கே தெரியும். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சின்னமனூர் வந்து இறக்கி, எஸ்எஸ்டியில் எடுத்துக்கொண்டு மேலே போக வேண்டியிருக்கும். பெரிய லைப்ரரிகளில் அடிப்படைப் பகுதியை மட்டும் முதலில் நிறுவலாம், அறை மைக்குகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உரிமத்தைச் சரிபார்க்க அடிக்கடி நெட் கேட்குமா, ஒருமுறை போதுமா என்று வாங்குவதற்கு முன்பே பாருங்கள். மேலே மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து போகும், ஹார்டு டிஸ்க்கையும் மைக்கையும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள்.

வாங்கும் முன் கேட்டுப் பார்க்கச் சொல்வேன், ஆனால் எதைக் கேட்பது? எல்லோரும் கிக்கையும் ஸ்நேரையும் கேட்கிறார்கள். அவற்றை எப்படியும் சரிசெய்துவிடலாம். சிம்பலைக் கேளுங்கள். ரோஜர் லின் விட்டுவிட்ட அதே சிம்பல். ஹை-ஹாட் மூடியது, திறந்தது என்று இரண்டே நிலையா, நடுவில் படிகள் உண்டா? கிராஷை அடித்துக் கையால் பிடித்து நிறுத்தும் ஒலி உண்டா? சைனா சிம்பல் உண்டா? ரைடின் நடுக்குமிழைத் தனியாக அடிக்க முடியுமா? கிராஷ் இயல்பாக அடங்கி மறைகிறதா, வெட்டினாற்போல நிற்கிறதா? சிம்பல் மோசமான லைப்ரரியை எந்த மிக்ஸிங்கும் காப்பாற்றாது. இன்னொன்று, கிக், ஸ்நேர், டாம், சிம்பல் எல்லாம் தனித்தனித் தடமாக வெளியே வருமா என்று பாருங்கள். இன்று தேவைப்படாது. ஒரு வருஷத்தில் தேவைப்படும்.

இவ்வளவும் ஒலி. மென்பொருள் ஒலியைத்தான் விற்கும், வாசிப்பை விற்காது. வாசிப்பு நீங்கள் எழுதுவது. அதில் முதல் சட்டம்: டிரம்மருக்குக் கை இரண்டு, கால் இரண்டு. ஹை-ஹாட்டை ஒரு கை அடிக்கும்போது, ஸ்நேரும் கிராஷும் ஒரே சமயத்தில் ஒலித்தால், மூன்றாவது கை யாருடையது? மிடியைத் திறந்து ஒவ்வொரு அடிக்கும் 'இது எந்தக் கை' என்று கேட்டுப் பாருங்கள். பாதி எழுத்து தானாகத் திருந்தும்.

இரண்டாவது, எல்லாவற்றையும் 127இல் வைக்காதீர்கள். மெட்டல் என்றால் முழு பலம் என்று நினைக்கிறோம். ஸ்நேரையும் கிக்கையும் அதிவேகமாக அடிக்கும் பிளாஸ்ட் பீட்டை வாசிக்கிற கையைப் பாருங்கள். அந்த வேகத்தில் குச்சியை உயரத் தூக்க நேரமே இல்லை, மணிக்கட்டு அசைவு மட்டும்தான். ஆகவே வேகமான அடி இயல்பாகவே மெல்லிய அடி. பிளாஸ்ட் பகுதியில் ஸ்நேரை 90, 95 பக்கம் வைத்து, மெதுவான கனமான பகுதி வரும்போது 120க்கு ஏற்றுங்கள். அந்த இடம் இடி விழுந்ததுபோல இருக்கும், ஒலியளவை நீங்கள் தொட்டிருக்கவே மாட்டீர்கள். டபுள் கிக்கிலும் இடது காலுக்கு வலது காலைவிடக் கொஞ்சம் குறைத்து எழுதுங்கள்.

மூன்றாவது, எண்களின் ஒழுங்கு. ஜெனரல் மிடி வரிசையில் கிக் 36, ஸ்நேர் 38, மூடிய ஹை-ஹாட் 42, திறந்தது 46, கிராஷ் 49, ரைடு 51. இவற்றைத் தாண்டினால் கம்பெனிக்குக் கம்பெனி எண் மாறும். எதில் எழுதினீர்கள் என்று கோப்பின் பெயரிலேயே குறித்து வையுங்கள். நாளைக்கு வேறு மென்பொருளுக்கு மாறினால் சைனா சிம்பல் வர வேண்டிய இடத்தில் மாட்டு மணி ஒலிக்கும்.

கடைசியாக, எந்தக் கம்பெனியும் உங்களுக்கு விற்காத ஒன்று. டெல்லியின் பிளடிவுட் குழு மெட்டல் கிட்டாரோடு டோலைச் சேர்த்து உலக மேடைகளுக்குப் போனது. நமக்குப் பறை இருக்கிறது, உருமி இருக்கிறது. ஏன் பதியக் கூடாது?

பறையைப் பதிவது ஒப்பீட்டளவில் எளிது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தீயில் காய்ச்சி எடுத்தவுடன் தோல் விறைத்து ஒலி உயர்ந்து நிற்கும், ஆற ஆற இறங்கும். மேகமலைக் குளிரில் வேகமாகவே இறங்கும். மெல்லிய அடிகளைக் காய்ச்சியவுடனும் ஓங்கிய அடிகளைப் பத்து நிமிடம் கழித்தும் பதிந்தால் ஒரே கருவி இரண்டு கருவியாகிவிடும். நடுநடுவே காய்ச்சி, ஒரே சூட்டில் எல்லாப் படிகளையும் பதியுங்கள்.

உருமிக்கு இந்த முறை முழுதாகச் செல்லாது. வலப்பக்கத்தைக் குச்சியால் அடிக்கலாம், அது சாம்பிளுக்கு அடங்கும். இடப்பக்கத்தில் வளைந்த குச்சியைத் தோலில் தேய்த்து இழுக்கும்போது எழுகிற அந்த உறுமல் ஓர் அடியே அல்ல. எங்கே தொடங்கி எங்கே அழுத்தி எங்கே விடுகிறார் என்பதுதான் ஒலி. அதைத் துண்டாக வெட்டி 1 முதல் 127 வரை அடுக்க முடியாது. அதற்கு ஒரு வழி, உருமிக்காரர் காதில் உங்கள் பாட்டின் வேகத்தில் கிளிக்கை ஓடவிட்டு, நான்கு, எட்டுச் சுற்று முழு வரிசைகளாக வாசிக்கச் சொல்லிப் பதிவதுதான். அவரிடம் என்னத்துக்கு என்று சொல்லிக் கேளுங்கள், கூலியைக் கொடுங்கள், பாட்டில் பெயரைப் போடுங்கள். சுப்பீரியர் டிரம்மருக்கு 400 டாலர் கொடுக்கத் தயாராக இருக்கிற நாம், உத்தமபாளையத்து உருமிக்காரரிடம் மட்டும் ஓசியில் கேட்கக் கூடாது.

சரி, இன்று வீட்டுக்குப் போய் என்ன செய்வது? ரீப்பர் மென்பொருளை 60 நாள் காசில்லாமல் ஓட்டிப் பார்க்கலாம், பிறகு தனிநபர் உரிமம் 60 டாலர். அதில் ஓர் இலவச டிரம் லைப்ரரியைப் போடுங்கள். உங்கள் சொந்த ரிஃப்புக்கு, தொடக்கம் முதல் முடிவு வரை, ஒரு முழுப் பாட்டுக்கு டிரம்ஸ் எழுதுங்கள். எட்டு பார் எழுதிவிட்டு அடுத்த மென்பொருளைத் தேடாதீர்கள். பாட்டு முடியும்போது என்ன குறைகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். கிராஷ் போதவில்லையென்றால் சிம்பல் நல்ல லைப்ரரி. மிக்ஸ் செய்ய ஆசையிருக்கிறது, மைக்குகள் தனியாக வேண்டும் என்றால் சுப்பீரியர். மிக்ஸ் செய்யப் பொறுமையில்லை, பாட்டு வெளிவந்தால் போதும் என்றால் பதப்படுத்தியது. எல்லாம் இருந்தும் பாட்டு தட்டையாக இருந்தால் வெலாசிட்டியைத் திருத்துங்கள், அதற்குக் காசு வேண்டாம். எந்தக் குறையை உங்கள் காது கண்டுபிடித்ததோ அந்தக் குறைக்கு மட்டும் பணம் கொடுங்கள்.